ஒரு சதவீதத்துக்குக் கீழே

இடலாக்குடி, கோட்டாறு
22 அக்டோபர் 2024

அன்புத் தம்பி உவைஸுக்கு ஹமீதா லாத்தா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை ஈரத்தில் உம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்துவிடு. எனக்குச் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ். உன் மச்சானின் பாத்திரக் கடையில் தீபாவளிக் கூட்டம். வடசேரியில் கால் வைக்க இடமில்லை என்கிறார். நீயும் தஸ்ரினும் பிள்ளைகளும் சுகந்தானா?

வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உம்மா, "ஸ்பீக்கரு போடுட்டி, நானும் கேக்கட்டு" என்பாள். நீயும் சிரித்தே மழுப்பிவிடுவாய். தாளில் எப்படி மழுப்புகிறாய் என்று பார்க்கிறேன். பணத்தைப் பற்றிய பேச்சை எழுதிக்கொள்ளுங்கள் என்று குர்ஆனே சொல்கிறது. நம் தெருமுனை சிஜின் நாளை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் முதலாளி ஞானசிங் ஸாறு எந்த இன்டர்நெட் கம்பெனியின் பங்கை வாங்கினாலும் நாகர்கோவிலில் பாதிப் பேர் அதையே வாங்குகிறார்கள். நம்ம ஊர்க்காரர், அமெரிக்காவில் சம்பாதித்தவர், அவருக்குத் தெரியாதா என்ற எண்ணம்தான். ஒரு கம்பெனியில் நூற்றுக்கு ஒன்றும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் பெயரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தையின் தளத்தில் போட்டாக வேண்டும். அந்தப் பட்டியல் வந்ததும் நான் எடுத்துக் குறித்து வைப்பேன். ஆன்லைனில் மளிகை விற்கும் கூடைநெட் கம்பெனியில் அவருக்கு மார்ச்சில் 1.92 இருந்தது. ஜூனில் 1.64. நேற்று வந்த பட்டியலில் 1.18. சத்தமில்லாமல் இறங்குகிறது.

பக்கத்து வீட்டு விக்டோரியா உனக்கு நினைவிருக்கும். தஸ்ரினின் கல்யாண ரவிக்கைகளைத் தைத்தவள். ஆறு பவன் சங்கிலியை விற்று மூன்றேகால் லட்சத்துக்கு கூடைநெட் வாங்கி வைத்திருக்கிறாள். மகள் ஜெஸ்பினின் நர்சிங் படிப்புக்கு அடுத்த ஜூனில் கட்ட வேண்டிய பணம் அது. நேற்று வந்து கேட்டாள்: "எக்கா, நான் ஞானசிங்கையா பாத்து வாங்குனேன்? ஒங்களப் பாத்தாக்கும் வாங்குனேன்." நான் யாரைப் பார்த்து வாங்கினேன்? அந்த ஆபீஸில் வேலை பார்க்கும் உன்னைப் பார்த்து.

ஸாறு விற்றுக்கொண்டிருக்கிறாரா? இதை மட்டும் சொல்.

துஆவுடன்,
ஹமீதா

◆

சார்ஜா
11 நவம்பர் 2024

பாசமுள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்து, பேசினால் காற்று வருகிறது. தைலம் நான்கு குப்பி கொடுத்துவிடுகிறேன். உம்மாவைப் படியில் ஏறி இறங்க விடாதே.

உன் கடிதத்தைப் பார்த்து தஸ்ரின் பயந்துபோனாள். இந்தக் காலத்தில் கவரில் கடிதம் வந்தால் யாருடைய மௌத்துச் செய்தியோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. படித்துவிட்டு இருவரும் சிரித்தோம். உள்ளே ஒரு ஆடிட்டர் உட்கார்ந்திருக்கிறாரே!

லாத்தா, நான் அந்த ஆபீஸில் வாடகைச் சீட்டு, கரண்ட் பில், விசாத் தாள் பார்க்கிறவன். ஸாறு எதை வாங்குகிறார், எதை விற்கிறார் என்பதெல்லாம் கண்ணாடி அறைக்குள் நடக்கிறது. நான் அங்கே டீ கொண்டு போகிற பையனைத்தான் பார்ப்பேன். சந்தை என்றால் ஏறும், இறங்கும். உனக்குத் தெரியாததா?

வெயில் குறைந்துவிட்டது, மாலையில் பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிப்போகிறேன். மச்சானுக்கு சலாம். விக்டோரியா அக்கா என்ன விலைக்கு வாங்கினாள்?

அன்புள்ள தம்பி,
உவைஸ்

◆

இடலாக்குடி
2 டிசம்பர் 2024

அன்புத் தம்பி உவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் கிடைத்தது. உம்மா இரண்டு நாளாக வெந்நீர் ஒத்தடமும் தைலமுமாக இருக்கிறாள், வலி பரவாயில்லை. பல் விழுந்தவனுக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒருமுறையும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருமுறையும் படித்தேன். கேட்டதற்கு அதில் பதில் இல்லை. விற்கிறார் என்றும் இல்லை, விற்கவில்லை என்றும் இல்லை. ஒன்றும் தெரியாதவன் விக்டோரியா வாங்கிய விலையை ஏன் கேட்கிறாய்? 388. கேட்டாய் அல்லவா, சொல்லிவிட்டேன். இன்றைக்கு 402 நிற்கிறது.

இன்னொன்றும் காதில் விழுந்தது. நம் சின்னாப்பா மகன் ரிஜ்வான் அக்டோபரில் உன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினான். ஊருக்கு வந்த மறுவாரம் தன் கூடைநெட் பங்கு அத்தனையையும் விற்றுவிட்டான். ஏன் விற்றாய் என்று கேட்டதற்கு, "சும்மாதான் லாத்தா" என்று தலையைச் சொறிந்தான். சும்மா விற்கிற ஆளா அவன்? பழைய செருப்பைக்கூட விலை பேசாமல் தூக்கிப் போட மாட்டான்.

உன் மச்சானிடம் சொன்னேன். பித்தளைக் குடத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒந் தம்பி வாயத் தொறந்தா முத்து உதிந்துரும்னு பயப்படுகானாக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னாப்பா மகனுக்குச் சொல்லத் தெரிந்தவனுக்குக் கூடப் பிறந்தவளுக்குச் சொல்லத் தெரியாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே.

ஹமீதா

◆

சார்ஜா
28 டிசம்பர் 2024

லாத்தாவுக்கு,

சலாம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் சளி.

ரிஜ்வான் வந்தான், பிரியாணி தின்றான், என் நல்ல சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பங்கு பற்றி ஒரு பேச்சும் நடக்கவில்லை. வீட்டுக்கு டைல்ஸ் போடப் பணம் வேண்டும் என்று சொன்னான். போய்த் தரையைப் பார்த்துக்கொள்.

நீ இப்படி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸில் நாங்கள் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஸாறின் பங்கு விவகாரத்தைப் பற்றி வெளியே வாய் திறந்தால் வேலை போவதோடு நிற்காது, கேஸும் வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இந்த வீடும் அந்த வேலையில்தான் நிற்கின்றன. சட்டத்தை விடு. ஒருவர் நம்பி ஒப்படைத்தது அமானத். அதை எடுத்து அக்காவுக்குக் கொடுத்தாலும் திருட்டுத்தான்.

இந்த விஷயத்தை இனி எழுதாதே. கையில் கொண்டு வருகிறவன் எவனாவது பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும்?

உம்மாவுக்குப் போர்வை அனுப்புகிறேன்.

உவைஸ்

◆

இடலாக்குடி
23 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போர்வை வந்தது. உம்மா அதைப் போர்த்தாமல் பெட்டியில் வைத்திருக்கிறாள், தம்பி வரும்போது விரிக்கவாம். உங்கள் சளி போய்விட்டதா? பனங்கற்கண்டு கொடுத்துவிட்டிருக்கிறேன்.

ரிஜ்வான் வீட்டுக்குப் போனேன். டைல்ஸ் நிஜம்தான். வழுக்கி விழப் பார்த்தேன். அவனைப் பற்றி நினைத்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வாடகைச் சீட்டு பார்க்கிறவனிடம் அப்படி ஒரு கையெழுத்து ஏன் வாங்கினார்கள் என்று நீ சொல்லவில்லை.

நேற்று முன்தினம் புதுப் பட்டியல் வந்தது. கூடைநெட்டில் ஸாறின் பெயரே இல்லை. வடசேரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் விபின், "ஞானசிங் வழி" என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் நடத்துகிறான். அதில் பெரிய அமளி. நேரில் போய்க் கேட்டேன். "பேரு போச்சுன்னா வித்தாச்சுன்னு இல்லக்கா. ஒரு சதவீதத்துக்குக் கீழ போனா பேரு போடமாட்டாவ. பாயின்ட் தொண்ணூத்தொம்பது இருந்தாலும் காணாது, ஒண்ணுமே இல்லேன்னாலும் காணாது" என்றான். "அப்பம் எப்படிடே தெரியும்?" என்றேன். "ஒங்க தம்பிக்குத் தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டினான்.

விலை 361. விக்டோரியா தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் வீட்டு வாசலிலேயே நிற்கிறாள். "விக்கவா வைக்கவா, ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்கிறாள். இறங்கியிருக்கும் நேரத்தில் விற்கச் சொல்லி, பிறகு ஏறினால் அந்தப் பழி எனக்கு. வைக்கச் சொல்லி மூழ்கினால் அந்தப் பிள்ளையின் படிப்பு போச்சு.

நீ எதையும் எழுத வேண்டாம். வாய் திறக்கவும் வேண்டாம். நீ அடுத்து அனுப்பும் பெட்டியில் பேரீச்சம்பழம் இருந்தால், விற்கச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வைத்திருக்கிறேன். பழம் அனுப்புவதில் என்ன கேஸ் வரும்?

இதையும் ஊருக்கு வந்து திரும்பும் சிஜின்தான் கொண்டு வருகிறான். கவரை மைதா மாவு வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரித்தால் தெரியும்.

ஹமீதா

◆

இடலாக்குடி
20 பிப்ரவரி 2025

என் தங்கத் தம்பி உவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. பெட்டி வந்து சேர்ந்தது. பால்பவுடர், பாதாம், தைலம், உம்மாவுக்கு மெத்துச் செருப்பு, எல்லாம் சரியாக இருந்தது. கயிற்றை அறுத்து மூடியைத் திறந்ததும் மேலேயே பேரீச்சம்பழம். கடிதம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உன் மச்சான் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, அடுத்த வாரம் நோம்பு பெறக்குது. கல்ஃபுல இருந்து பேரீச்சம்பழம் இல்லாத பெட்டி எந்த வருசம் வந்திருக்கு? அடையாளம் சொல்ல ஒனக்கு வேற சாமானே கெடைக்கல்லியா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. சொல்லும்போது அது என் புத்தியில் ஏறவே இல்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. வழிகாட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுதேன். பிறகு விக்டோரியாவைக் கூப்பிட்டு, "வித்துரு பிள்ளே" என்றேன். அவளுடையதும் என்னுடையதும் 349க்குப் போயின. அவளுக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் நட்டம். "போட்டும்க்கா, இவ்வளவாவது கெடைச்சதே மாதா புண்ணியம்" என்றாள். ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது.

நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில் செய்தேன். தஸ்ரினுக்கும் பிள்ளைகளுக்கும் நோன்பு வாழ்த்துகள்.

ஹமீதா

◆

சார்ஜா
4 மார்ச் 2025

மரியாதைக்குரிய மூத்த சகோதரி ஹமீதா பீவி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நலமறிய ஆவல்.

தங்கள் ஜனவரி மாதக் கடிதம், பெட்டி புறப்பட்ட பிறகே என் கைக்குக் கிடைத்தது. பெட்டியில் இருந்த பேரீச்சம்பழம், ரமலானை முன்னிட்டு என் மனைவி வழக்கம்போல வைத்தது. அதில் வேறு எந்தப் பொருளும் இல்லை. கூடைநெட் பங்குகளைத் தாங்கள் விற்றது முழுக்கத் தங்கள் சொந்த முடிவு. என் முதலாளியின் முதலீடுகள் குறித்து நான் எவரிடமும் எக்காலத்திலும் எதையும் தெரிவித்ததில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உவைஸ்

◆

இடலாக்குடி
16 மார்ச் 2025

உவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா இந்த வருடமும் எல்லா நோன்பும் பிடிப்பேன் என்று அடம். பதினைந்து ஆயிற்று. தலைசுற்றல் இல்லை.

உன் கடிதம் எனக்கு எழுதியதல்ல. வேறு யாரோ படிப்பதற்கு எழுதி, என் விலாசத்தில் போட்டிருக்கிறாய். பிறந்த நாளிலிருந்து என்னை நீங்கள் என்று சொல்லாதவன், 'தங்கள்' என்கிறாய். அந்தத் தாளில் என் தம்பியின் வியர்வை வாசனைகூட இல்லை.

கூடைநெட்டை விட்டு ஞானசிங் முழுவதும் வெளியேறிவிட்டார் என்று போன வாரம் பேப்பரிலேயே வந்துவிட்டது. விலை 204. விபினின் குரூப்பில் ஒப்பாரி. அதிலே எவனோ, "உவைஸ் அக்கா ஒரு மாசம் முந்தியே வித்தாச்சு, கேட்டியளா?" என்று போட்டிருக்கிறான். விக்டோரியா தைக்க வந்தவர்களிடம் வாய்விட்டிருக்கிறாள். சண்டை போட்டேன். என்ன பிரயோசனம்?

என்னை உறுத்துவது வேறு. பழம் சும்மா வந்தது என்றால், நாங்கள் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு நீ பேசாமல் இருந்திருக்கிறாய். சரி, அமானத் என்றாய், ஒத்துக்கொள்கிறேன். உன் கையிலும் கூடைநெட் இருந்ததே, அதை என்ன செய்தாய்? வாயைப் பூட்டிக்கொண்டு உன்னுடையதை மட்டும் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறாயா? இதைக் கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது. கேட்காவிட்டால் நெஞ்சு எரிகிறது.

வருடாவருடம் உன் ஜகாத்தை இங்கே ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நான்தான். தொகையை மட்டும் அனுப்புவாய், நானும் கேட்டதில்லை. இந்த வருடம் என்னென்ன பங்கு, எத்தனை, ரொக்கம் எவ்வளவு என்று முழுக் கணக்கும் வேண்டும். ஜகாத் கணக்கில் மறைத்தால் என்னிடம் மறைப்பதாகாது.

ஹமீதா

◆

சார்ஜா
25 மார்ச் 2025

லாத்தா,

சலாம். உம்மாவை விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்.

ஜகாத் கேட்கிறாயா, வேவு பார்க்கிறாயா? வணக்கத்தைத் தூண்டிலில் கோத்துப் போடுகிறாய். பரவாயில்லை, விழுங்குகிறேன். இதோ கணக்கு:

கூடைநெட் 1,400 பங்கு, இன்றைய விலை 191. நீ வாங்கிய அதே மாதம் வாங்கியவை. ஒன்றுகூட விற்கவில்லை. வேறு பங்கு எதுவும் இல்லை. ரொக்கம் ஊர் வங்கியில் நாலு லட்சத்துப் பத்தாயிரம். தஸ்ரினின் நகை தனி, அதற்கு அவளே கொடுக்கிறாள். பங்குக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தாள் அனுப்புகிறேன்.

என் பங்கை நான் ஏன் விற்கவில்லை என்று கேட்பாய். கேட்காதே.

போன வியாழக்கிழமை ஸாறு கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். குரூப்பில் யாரோ போட்டது அவர் கைக்கு வந்திருந்தது. கோபப்படவில்லை. நம்ம ஊர்ப் பேச்சிலேயே, "மக்கா, நீ நோம்பாளி. ஒன் படச்சவன் பேருல சொல்லு, இஞ்ச இருந்து சேதி போச்சா?" என்றார். போகவில்லை என்றேன். அல்லாஹ்வின் மீது ஆணையாக என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். தோளில் தட்டி அனுப்பினார். உன்னிடம் இருக்கும் மார்ச் கடிதத்தின் நகலும் அவரிடம் இருக்கிறது. வேலை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதோடு விடு. பெருநாள் வாழ்த்துகள்.

உவைஸ்

◆

சார்ஜா
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மைனிக்குத் தஸ்ரின் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும் மைனி. பெருநாள் நல்லபடியாக முடிந்ததா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் சிரிக்கக் கூடாது. பிள்ளைகளின் அளவு அனுப்பியிருக்கிறேன், விக்டோரியா அக்காவிடம் இரண்டு பேருக்கும் சட்டை தைக்கச் சொல்லுங்கள். இங்கே தையல்கூலி கொடுத்து மாளவில்லை.

போனில் நீங்கள், "பேரீச்சம்பழம் வச்ச கைக்கு ஒரு வளையல் போடணும்" என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். இவர் பக்கத்தில் இருந்தார். மைனி, பழம் நான் வைக்கவில்லை. போன வருடம் எறும்பு வந்து பெட்டி முழுக்க நாறிப்போனதே, அதனால் இந்த வருடம் பாதாம் மட்டும் வைத்துப் பெட்டியைக் கட்டிவிட்டேன். அன்று மாலைதான் சிஜின் உங்கள் கடிதத்தைக் கொண்டு வந்து தந்தான். இவர் படித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கடைக்குப் போய்ப் பழம் வாங்கிவந்து, கயிற்றை அவிழ்த்து, மேலே வைத்துத் திரும்பக் கட்டினார். "எறும்பு வருமே" என்றேன். "லாத்தா ஆசப்பட்டுக் கேட்டிருக்கா, வரட்டு" என்றார்.

இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நோன்பு பாதியிலிருந்து ஆள் சரியில்லை. பெருநாள் பிரியாணியைத் தொடவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. கேட்டால் வாயுத் தொந்தரவு என்கிறார். உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா? நீங்கள் ஒரு வார்த்தை நல்லதாக எழுதினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.

உம்மாவுக்கு என் சலாம்.

தஸ்ரின்

◆

இடலாக்குடி
5 மே 2025

என் உவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், மக்கா. உம்மா நன்றாக இருக்கிறாள். வெயில் கொளுத்துகிறது. நுங்கு வந்துவிட்டது, நீ இல்லாமல் இறங்கவில்லை என்று உன் மச்சானே சொல்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு. வாயு என்றால் சீரகத்தண்ணீர் குடி. வாயு இல்லை என்றாலும் குடி.

உன் ஜகாத்தைக் கொடுத்து முடித்தேன். ஆறு வீடு. பெயர்களை எழுத மாட்டேன், அது அவர்கள் மானம். ஜெஸ்பினுக்கு இடம் கிடைத்துவிட்டது. குறைந்த முப்பதாயிரத்தை விக்டோரியா ரவிக்கை தைத்தே ஈடுகட்டிவிட்டாள். தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் மகள் நர்ஸாகப் போகிற கதைதான்.

என் பங்கை விற்ற பணம் அப்படியே இருக்கிறது. 349க்கு நான் விற்றதை எவளோ ஒருத்தி வாங்கியிருப்பாள் அல்லவா? இன்றைக்கு அவள் கையில் 170. அவளும் யாரோ ஒரு தம்பியை நம்பித்தான் வாங்கியிருப்பாள். முன்பு இதை நான் நினைக்கவே இல்லை. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று இன்னும் விளங்கவில்லை. நீ விற்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததன் காரணம் மட்டும் விளங்கிவிட்டது. ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. உன்னைப் பற்றி நான் நினைத்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதம் பத்திரமாக இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். பேரீச்சம்பழம் உன் மனைவி வைத்தது என்றுதான் சொல்லுவேன்.

ஆனால் ஸாறிடம் நீ செய்த சத்தியம் அவரோடு முடிவதில்லை. நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், பெயரெதுவும் சொல்லாமல், அல்லாஹ்வின் பெயரால் ஒருவர் பொய்ச் சத்தியம் செய்துவிட்டால் என்ன பரிகாரம் என்று கேட்டேன். முதலில் மனம் வருந்தித் தவ்பா செய்ய வேண்டும், பிறகு பத்து ஏழைகளுக்கு உணவு கொடுக்க வேண்டும் என்றார். "வேற ஒருத்தர் கொடுத்தா கூடுமா?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கூடும்மா. ஆனா சத்தியம் செஞ்சவரு மனசுல நிய்யத் வைக்கணும். அவரு சம்மதம் இல்லாம கொடுத்தா அது வெறும் விருந்து" என்றார்.

கோட்டாறு கடையில் அரிசி வாங்கிவிட்டேன். ஆளும் பார்த்து வைத்திருக்கிறேன். தர்காப் பக்கம் இருக்கும் கிழவிகள் மூன்று பேர், சுமைதூக்குகிற இரண்டு பேர், இன்னும் ஐந்து பேர். உருளியை விக்டோரியாவும் நானுமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். "என்னத்துக்குக்கா, நேர்ச்சையா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பொய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ சொல்லாமல் என்னால் தீ வைக்க முடியாது. நீ சம்மதிப்பது, நீ செய்ததை ஒத்துக்கொள்வதுதான். அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே அவசரப்படுத்தவில்லை. அரிசி கெட்டுப்போகாது.

துஆவுடன்,
லாத்தா

◆

சார்ஜா
19 மே 2025

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். அடுப்பை மூட்டு.

உவைஸ்